உலகம் அழியப் போகிறது என்று கவலைப்படும் தோழருக்கு

கல்லூரி மாணவர்களோடும் களத்துக்கு வரும் இளம் தோழர்களோடும் பேசும்போது, இப்போதெல்லாம் மூன்று விதமான பேச்சுகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன.

முதல் பேச்சு: "அக்கா, இன்னும் முப்பது வருஷத்துல பூமியே வாழ முடியாத இடமாயிரும்ங்கிறாங்க. நாம காலனிக்குத் தண்ணி டேங்க் கேட்டு மனு எழுதிக்கிட்டு இருக்கோம். இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

இரண்டாவது: "ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. அணு ஆயுதம், அடுத்த பெருந்தொற்று, செயற்கை நுண்ணறிவுன்னு படிக்கப் படிக்க, ஒரு நாள் சும்மா இருந்தாலும் குற்றவாளி மாதிரி இருக்கு."

மூன்றாவது இதற்கு நேர் எதிர்: "அதெல்லாம் ஏசி ரூம்ல இருக்கிறவன் கவலை. நம்ம சனத்துக்குத் தினம் தினம் பேரழிவுதான். முதல்ல சாதிய ஒழிப்போம், அப்புறம் உலகத்தப் பாப்போம்."

மூன்று பேரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் மூவருமே வேலையை ஆபத்தின் அளவை வைத்து அளக்கிறார்கள். ஆபத்து மலையளவு என்றால் என் வேலை தூசு என்று ஒருவர் சோர்கிறார். அந்த மலையை நானே தூக்க வேண்டும் என்று இன்னொருவர் நொறுங்குகிறார். அது என் மலை இல்லை என்று மூன்றாமவர் விலகிவிடுகிறார். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வேலையை ஆபத்தின் அளவால் அளக்காதீர்கள். உங்கள் பங்கு எது என்று கண்டுபிடித்து, அதைக் கொண்டு அளந்து பாருங்கள்.

இது நம் கவலை இல்லையா?

மூன்றாவது தோழரிடமிருந்து தொடங்குகிறேன். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வரலாறு அவருக்குச் சாதகமாக இல்லை.

1876இல் பருவமழை பொய்த்தது. நம் பாட்டன் பாட்டிகள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்வது அதைத்தான். பசிபிக் பெருங்கடலின் நீர் வெப்பமானது அதற்கு ஒரு பெரிய காரணம் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. அதே ஆண்டுகளில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் மழையின்றி மக்கள் செத்தார்கள். உலகப் பேரழிவு என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே வந்த உலகப் பேரழிவு அது. பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

வானம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பொய்த்தது. யார் சாவது என்பதோ தரையில் முடிவானது. பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிலமும் சேமிப்பும் இல்லாத கூலிச் சாதிகள்தான் முதலில் விழுந்தன. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மண் வெட்டும் ஆளுக்கு அது சாவுக் கூலி.

அப்போது சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர் அதை எதிர்த்தார். இந்த அளவு சோற்றில் உழைக்கும் உடல் என்ன ஆகும் என்பதைக் கணக்கோடு எழுதி அரசோடு மோதினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அவரால் பஞ்சத்தை நிறுத்த முடியவில்லை, மழையை வரவைக்கவும் முடியவில்லை. தன் மேசைக்கு வந்த கணக்கில் அவர் பொய் எழுத மறுத்தார். அதனால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

அந்தப் பஞ்ச காலத்தில் நம் தரப்பில் யார் இருந்தார்கள்? பண்டிதர் அயோத்திதாசருக்கு அப்போது முப்பத்தொரு வயது. இரட்டைமலை சீனிவாசன் பதின்ம வயதுப் பையன். ஊர் ஊராக மக்கள் செத்து விழுந்த காலத்தைக் கடந்து வந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறைதான் 1891இல் சபைகளைத் தொடங்கியது, 1893இல் 'பறையன்' இதழையும் 1907இல் 'தமிழன்' இதழையும் கொண்டுவந்தது. அழிவை நேரில் கண்டவர்கள் அச்சுக்கூடம் தேடிப் போனார்கள்.

அடுத்தது நம் காலத்தில் நடந்தது. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் கரையில் அலை சாதி பார்க்கவில்லை, நிவாரணம் பார்த்தது. படகு, வலை, கரையோர வீடு என்று இழப்பைக் கணக்கிட்டார்கள். படகில்லாமல், மீன் சுமந்தும் வயலில் கூலி செய்தும் பிழைத்த தலித் குடும்பங்களில் பல அந்தக் கணக்கில் வரவில்லை. முகாம்களிலும் ஒதுக்கப்பட்டார்கள். அதே நேரம், அழுகிய உடல்களை எடுக்க வேறு நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டியேற்றிக் கொண்டுவந்தார்கள். நிவாரணப் பட்டியலில் விடுபட்ட சாதி, பிணம் தூக்கும் பட்டியலில் முதலில் இருந்தது. 2015 சென்னை வெள்ளத்திலும் 2020 கொரோனாவிலும் இதையே வேறு வடிவத்தில் பார்த்தோம்.

ஆகவே தோழரே, "முதலில் சாதி, அப்புறம் உலகம்" என்று வரிசைப்படுத்த வழியில்லை. உலகுக்கு வரும் எந்தப் பேரழிவும் சாதி வழியாகத்தான் நம் தெருவுக்குள் நுழையும். அதைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பதும் சாதி ஒழிப்பு வேலைதான்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் மக்கள் எதையும் தாங்குவார்கள்" என்று நம்மைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிப் பட்டறைகளில் இதற்கு அழகான பெயர்களும் வைத்திருக்கிறார்கள். சுமையை இறக்கி வைக்க மனமில்லாதவர்கள்தான் சுமப்பவரின் தோள் வலிமையைப் பாடுவார்கள். அந்தப் பாராட்டில் மயங்க வேண்டாம்.

எல்லாம் முடிந்துவிட்டதா?

முதல் தோழரின் சோர்வுக்கு வருகிறேன். தொழில்மயத்துக்கு முந்தைய அளவை விட 1.5 டிகிரிக்கு மேல் பூமி வெப்பமாகக் கூடாது என்பது பாரிஸ் ஒப்பந்தம் வைத்த இலக்கு. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் அந்த எல்லையைத் தாண்டியதாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. பல பேருக்கு மனம் உடைந்தது அந்தச் செய்தியில்தான்.

ஒரு வருடத்தின் சராசரி தாண்டியதாலேயே பாரிஸ் இலக்கு முறிந்துவிடவில்லை. அது பல ஆண்டுகளின் போக்கை வைத்துச் சொல்லப்படுவது. அதைவிட முக்கியமானது, 1.5 என்பது அதற்கப்பால் எல்லாமே ஒரேயடியாக விழுந்துவிடும் கிணற்றின் விளிம்பு இல்லை என்பது. 2018இல் வந்த ஐ.நா. காலநிலை அறிக்கை, 1.5 டிகிரியில் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு அழியும் என்றது. 2 டிகிரியில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழியும் என்றது. நம் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் பாறைகளுக்கும், அவற்றை நம்பிய மீனுக்கும், மீனை நம்பிய குடும்பங்களுக்கும் அந்த அரை டிகிரி வித்தியாசம்தான் வாழ்வா சாவா என்ற வித்தியாசம். ஒவ்வொரு கால் டிகிரிக்கும் உயிர்க்கணக்கு இருக்கிறது. "முடிந்துவிட்டது" என்று சொல்ல எந்தக் கட்டமும் இல்லை.

"நிச்சயம் அழிவோம்" என்ற பேச்சில் ஒரு சுகம் இருப்பதையும் கவனியுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் பொறுப்பு விலகிவிடுகிறது. "ஒன்றும் ஆகாது" என்பவருக்கும் அதே விடுதலை கிடைக்கிறது. என்ன நடக்கும் என்று தெரியாத நடுவில்தான் வேலை கிடக்கிறது, அந்த நடுவில் நிற்பதுதான் கஷ்டம்.

உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்று ஒரு பிக்கு புத்தரை விடாமல் கேட்டதாகப் பாலி நூல்களில் ஒரு கதை வருகிறது. புத்தர் பதில் சொல்ல மறுத்தார். நச்சம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் எந்த மரம் என்று விசாரித்து முடிக்கும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் செத்துப்போவான் என்று விளக்கினார். இதை அறிவியலுக்கு எதிரான கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்பைப் பிடுங்க நஞ்சைப் பற்றிய அறிவு வேண்டும். வேலைக்கு உதவும் அறிவு எது, வேலையைத் தள்ளிப்போடும் கேள்வி எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லும் கதை அது. இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் நீங்கள் படிக்கும் பத்தாவது அழிவுச் செய்தி இதில் எந்த வகை என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தூங்கினால் உலகம் என்னாகும்?

இரண்டாவது தோழரின் குற்ற உணர்வுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நல்ல பிள்ளைகளைத்தான் அது தின்கிறது. ஓய்வெடுத்தால் துரோகம், சினிமாவுக்குப் போனால் துரோகம், அம்மாவோடு ஒரு நாள் இருந்தால் துரோகம். இரண்டு வருடம் இப்படி எரிந்துவிட்டு மூன்றாம் வருடம் எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டு காணாமல் போகிறார்கள்.

இந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? ஒருவர் வந்து உலகைக் காப்பாற்றுவார் என்பது அவதாரக் கதை. பிரளயம் வந்தபோது மச்ச அவதாரம் ஒரு படகை இழுத்துக்கொண்டு போனதாம். அந்தப் படகில் இருந்தவர்கள் மனுவும் ஏழு ரிஷிகளும். படகில் யாரை ஏற்றுவது என்ற பட்டியல் அப்போதே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. அந்தக் கதையை நாம் ஏற்கவில்லை. பிறகு ஏன் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனித்தனி அவதாரமாகத் தங்களை நினைத்துக்கொண்டு தேய வேண்டும்? 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல், அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி விடும் என்று எச்சரித்தார். தன்னைத்தானே மீட்பராக நினைத்துக்கொள்வதும் அந்த பக்தியின் இன்னொரு முகம்தான்.

அண்ணல் எப்படி வேலை செய்தார்?

உலகம் எரிந்துகொண்டிருந்தபோது அம்பேத்கர் என்ன செய்தார் என்று பார்ப்போம். 1942 ஜூலையில் அவர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். ஜப்பான் படை பர்மாவைப் பிடித்திருந்தது. மறு ஆண்டு வங்கத்தில் பஞ்சம், தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு. மனித குலம் தன்னையே அழித்துக்கொள்ள முடியும் என்று உலகம் முதன்முதலாக உணர்ந்த நேரம்.

ஹிரோஷிமாவுக்கு மூன்று மாதம் கழித்து, 1945 நவம்பரில், அண்ணல் கட்டாக் நகரில் உட்கார்ந்து மகாநதி வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெள்ள நீரைக் கேடாகப் பார்த்து விரட்டாமல் செல்வமாகப் பார்த்துத் தேக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் துறையில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் அடித்தளம் அந்த ஆண்டுகளில்தான் போடப்பட்டது. 1948இல் அது கழகமாகச் சட்டம் பெற்றது. பின்னாளில் இந்த அணைகள் பழங்குடிகளையும் தலித்துகளையும் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்த்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெரிய ஆபத்துக்குப் போடும் பெரிய திட்டம், புதிய பட்டியலில் யாரை விட்டுவிடுகிறது என்ற கேள்வி அதற்கும் உண்டு.

நான் காட்ட விரும்புவது அவர் வேலை செய்த விதத்தை. நிர்வாக சபைக்குப் போன அதே 1942 ஜூலையில் நாகபுரியில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி வந்தது. சாதியா உலகமா என்று அவர் தேர்வு வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவராக மட்டும் நம்மைப் பார்க்காமல், வெள்ளத்தைத் திட்டமிடும் மேசையில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொன்றையும் தன் காலத்துக்குப் பிறகும் நடக்கும் அமைப்பாக விட்டுவிட முயன்றார்.

துக்கம் இல்லாத மனிதர் இல்லை அவர். 1926இல் மகன் ராஜரத்னா இறந்தான், மறு ஆண்டு மகாத் குளத்துக்கு நடந்தார். 1935 மே மாதம் ரமாபாயை இழந்தார், அக்டோபரில் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு நிறைவேற 21 ஆண்டுகள் ஆயின. துக்கம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. துக்கமே இல்லாததுபோல நடித்ததாகவும் தெரியவில்லை.

பங்கு என்றால் என்ன?

நம் மதுரையிலேயே பார்ப்போம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. மனுத் தாக்கலைத் தடுத்தார்கள், அல்லது பொம்மை வேட்பாளரை ஜெயிக்கவைத்து உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். மேலவளவில் 1997இல் தலைவர் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது எல்லோர் நினைவிலும் இருந்தது. 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் மனு எழுதியவர், வழக்குப் போட்டவர், ஊருக்குள் பேசியவர், அறிக்கை எழுதியவர் என்று எத்தனையோ கைகள். அவர்களில் யாரும் சாதியைத் தனியாக ஒழிக்கக் கிளம்பவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார்.

பேரழிவுகளைப் பொறுத்தவரை நம் பங்கு எங்கே தொடங்குகிறது? "உலகம் அழியுமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "பட்டியலில் யார் இல்லை?" என்று கேட்கும் இடத்தில்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்ல அறிவிப்பு. ஆனால் வெயிலில் குப்பை வண்டி தள்ளிய அம்மா வீட்டுக்கு வந்து படுத்து இறந்தால், அது மாரடைப்பு என்றுதான் ஊர் சொல்லும். சாவுக்குக் காரணம் வெப்பம் என்று ஆவணத்தில் ஏறாவிட்டால் அந்தப் பணம் காகிதத்தோடு நின்றுவிடும். உங்கள் காலனியில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் நிற்பவர்கள் யார் யார்? செங்கல் சூளையில், சாலைப் பணியில், நூறு நாள் வேலையில் எத்தனை பேர்? அவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் எங்கே? ஒரு நோட்டும் நான்கு பேரும் இருந்தால் இதை எழுதிவிடலாம்.

அதே அக்டோபரில் மதுரையில் சில மணி நேர மழைக்கு பந்தல்குடி வாய்க்கால் வழியே செல்லூர்ப் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தது. இங்கே கே.கே. நகரை ஒட்டியிருக்கும் வண்டியூர்க் கண்மாயும் ஒவ்வொரு மழைக்கும் பேசுபொருளாகிறது. எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது, யாருக்கு நிவாரணம் வரவில்லை என்ற பதிவு நம் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்துக்கு மாவட்ட அளவில் ஆட்சியர்தான் பொறுப்பு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நாம் கொண்டுபோகும் மனுக்களில் இதுவும் ஒன்றாகட்டும். வளரும் நாடுகளின் இழப்புக்கு ஈடு தர ஒரு நிதி அமைப்பதென 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணம் எப்போதாவது நம் மாவட்டத்துக்கு வந்தால், 2004இல் நடந்ததே மறுபடி நடக்குமா என்பதை அன்று நம்மிடம் இருக்கும் நோட்டுதான் சொல்லும்.

எல்லோரும் நோட்டு எழுத வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். கணக்கு வருகிறவர் புள்ளியியல் படியுங்கள். அறிவியல் வருகிறவர் காலநிலையோ தொற்றுநோயியலோ படியுங்கள். கணினி படிக்கிறவர், நாளை யாருக்குக் கடன், யாருக்கு நிவாரணம் என்று இயந்திரம் முடிவு செய்யும்போது அதற்குள் சாதி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவராகச் சாட்சி சொல்ல மட்டுமே நம்மை மேடைக்குக் கூப்பிடுவார்கள். கணக்குப் போடும் மேசையிலும் நமக்கு நாற்காலி வேண்டும்.

மனசைப் பார்த்துக்கொள்வது

களத்தில் நான் பார்த்ததை வைத்துச் சில வார்த்தைகள். வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள். திரும்பி வந்த அன்றே அறிக்கை எழுத உட்காராதீர்கள், முதலில் சாப்பிடுங்கள், யாரிடமாவது பேசுங்கள். உங்கள் வேலையை உங்களுக்கு அடுத்து யார் செய்வார் என்று அவர் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், வேலை இன்னும் அமைப்பாக மாறவில்லை என்று பொருள். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுங்கள். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தலைவரின் பிள்ளைகள் ஓய்வுக்கு வெட்கப்படத் தேவையில்லை. தூக்கமின்மையும் சாக வேண்டும் என்ற எண்ணமும் தொடர்ந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வீரக்குறைவு எதுவும் இல்லை.

பயம் வரும், வரட்டும். இந்தக் காலத்தில் கொஞ்சமும் பயமில்லாதவர் செய்தி படிக்காதவராக இருப்பார். ஆனால் எந்த வேலையை எடுப்பது, எவ்வளவு நேரம் செய்வது என்ற முடிவைப் பயத்திடம் விடாதீர்கள். அதைத் தோழர்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

சித்திரை வெயிலுக்கு முன்னால் ஒரு காலனி, நான்கு பேர், ஒரு நோட்டு. தொடங்கியவர்கள் எழுதுங்கள். படிவம் தயாரிப்பதிலும் மனு எழுதுவதிலும் நாங்கள் உடன் இருக்கிறோம்.

ஜெய் பீம்.